லயக் கூரைக்கு ஒரு பேட்டன்ட்

கண்டுபிடிப்பாளர் என்றால் நம் பத்திரிகைகள் ஒரே படத்தைத்தான் போடும். கோட்டுப் போட்ட ஒருவர், கையில் கேடயம், பக்கத்தில் அந்தக் கேடயம் எதற்கென்று தெரியாமல் சிரிக்கும் ஒரு பிரமுகர். ஹப்புகொல்ல தோட்டத்துச் சுமித்ராவின் படம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. வந்திருந்தால் அவர் யாரையாவது ஏசிக்கொண்டிருக்கும்போது எடுத்த படமாகத்தான் இருந்திருக்கும்.

பணிவு என்ற சாமான் அவரிடம் இல்லை. தோட்டத்து ஒஃபிசில் ஒருமுறை கிளாக்கர் "பொறகு வா" என்றார். "பொறகுன்னா எத்தன மணிக்குங்க? சொல்லுங்க, இங்கயே உக்காந்திருக்கேன்" என்று சுமித்ரா உண்மையாகவே உட்கார்ந்துவிட்டார். கிளாக்கர் தேநீர் குடிக்கப் போய் வந்தார், சாப்பிடப் போய் வந்தார், கடைசியில் வேலையைச் செய்தார். அந்த ஒஃபிசில் அது ஒரு சாதனையாக இன்றும் பேசப்படுகிறது.

சுமித்ரா கஹவத்தை பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஸம்சுதீனின் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறார். பள்ளிக்கூடத்தில் கணினி படித்தார். பள்ளிக்கூடத்துக் கணினி படிக்க உதவாததால் மிச்சத்தை வாடிக்கையாளர்கள் திருத்தக் கொடுத்த போன்களில் பார்த்துப் படித்தார். ஸம்சுதீன் நானா அவரைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான்: "சாமான் திருத்திறதில அவ பொன்னு. கஸ்டமரயும் சேத்துத் திருத்தப் பாக்கிறதுதான் கரச்சல்."

அந்தக் கடையின் மூலையில் ஒரு பெரிய கூடை உண்டு. திரை உடைந்து, திருத்தினால் கட்டுப்படியாகாது என்று ஆட்கள் விட்டுப்போன போன்கள் அதில் கிடக்கும். ஒருநாள் சுமித்ரா அந்தக் கூடையை அப்படியே கேட்டார்.

"இது எதுக்கு புள்ள? எல்லாம் மவுத்தான சாமான்."

"கண்ணுதான் நானா போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

காது எதற்கு என்று அறிய வேண்டுமானால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒரே நீளத் தகரக் கூரை. காம்பராக்களுக்கு நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. வெள்ளைக்காரன் சுவரைக் கட்டிக்கொண்டே போய், இவர்களுக்கு இவ்வளவு போதும் என்று பாதியில் கையைக் கழுவிவிட்டான். ஆறாம் காம்பராவில் மிளகாய் தாளித்தால் முதலாம் காம்பராவில் தும்முவார்கள். இதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூரையை மழைமானி என்று பார்த்தவர் சுமித்ரா ஒருவர்தான்.

அரநாயக்கவில் மண்சரிவாக மலை இறங்கி ஊர்களை மூடிய வருஷத்திலிருந்து சப்ரகமுவ முழுக்க, மேட்டுக்குக் கீழே இருக்கும் எந்த லயத்துக்கும் மழை வெறும் மழையாக இல்லை. ஹப்புகொல்லயிலும் மழை அளக்கும் கருவி உண்டு, தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் பங்களாவில். அங்கே பெய்த மழையைப் பார்த்துத் தொரை கிளாக்கருக்குச் சொல்ல, கிளாக்கர் கங்காணிக்குச் சொல்ல, கங்காணி லயத்துக்கு வந்து "கடும் மழையாம், கவனமா இருக்கணுமாம்" என்பார். லயத்தார் நனைந்துகொண்டே "அப்படிங்களா" என்பார்கள்.

சுமித்ரா எழுதிய மென்பொருள் செய்வது இதைத்தான்: தகரத்தில் மழை விழும் சத்தத்தைப் போன் கேட்கும், எவ்வளவு பலமாக எவ்வளவு நேரம் பெய்கிறது என்று கணக்கெடுக்கும், எல்லை தாண்டினால் கத்தும். முதலில் ஒரு போனைத் தன் காம்பராவில் மட்டும் கட்டிப் பார்த்தார். வெயில் கொளுத்திய ஒரு பகலில் அது அபாயம் என்று கத்தியது. விசாரித்தால், பக்கத்துக் காம்பராவில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டிருந்ததைக் கடும் மழை என்று எடுத்திருக்கிறது. அடுத்த நாள் டீவியில் நாடகம். அதற்கடுத்த நாள் அவருடைய வீட்டுக்காரரின் குறட்டை.

"நான் தூங்கினா மலையே இறங்கிரும்ங்குதா ஒன் போனு?" என்றார் வீட்டுக்காரர்.

"மலைக்கு ரோசமிருந்தா எப்பவோ எறங்கியிருக்கும்" என்றார் சுமித்ரா.

அப்புறந்தான் அந்த யோசனை வந்தது. காம்பராவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு செத்த போன்களைக் கூரைக்குக் கீழே கட்டினார். ஒரு போனுக்கு மட்டும் உரக்கக் கேட்பது சண்டை, சமையல், குறட்டை. எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் கேட்பது மழை. மழை மட்டுந்தான் லயத்தில் பாகுபாடு பார்க்காமல் எல்லாக் காம்பராவுக்கும் வரும். தனி வீடுகளில் இந்த வித்தை பலிக்காது, ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பத்தை அடைத்தால்தான் பலிக்கும்.

எச்சரிக்கைக்கு மணியும் சங்கும் வேண்டாமென்று தன் குரலையே பதிவுசெய்து வைத்தார். "எந்திரிங்க! புள்ளைங்கள தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போங்க! அடுப்ப அணைச்சிட்டுப் போங்க!" மணி அடித்தால் நாலு பேர் யோசிப்பார்கள். சுமித்ரா கத்தினால் யோசிக்க யாருக்கும் தைரியம் வராது. போன்களைக் கட்டிய வருஷமே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் பன்னிரண்டு சுமித்ராக்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். லயம் முழுக்கக் கோயிலில் போய் நின்றது. பின்மேடு சரிந்து குசினிகளை மூடியது. அடுப்பை அணைக்காமல் ஓடிய ஒருவரை அவர் கோயிலில் வைத்து ஏசியதைத் தவிர யாருக்கும் சேதமில்லை.

அடுத்து வந்தது சித்திரைத் திருவிழா. ஹப்புகொல்லயில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது நல்லது நடந்தால் அதைத் திருவிழாவில் அம்மன் முன்னால் மைக்கில் சொல்ல வேண்டும். த்ரீவீலர் வாங்கியவர் சொல்வார், மகள் பரீட்சை பாஸானால் தகப்பன் சொல்வார். கோயில் கமிட்டிச் செயலாளர் ஏழுமலைதான் மைக்குக்கும் பொறுப்பு, கோயிலின் பேஸ்புக் பக்கத்துக்கும் பொறுப்பு. கொழும்பிலும் டுபாயிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று எல்லாவற்றையும் நேரலையாகப் போடுவார். அன்று அவர் மைக்கைச் சுமித்ராவிடம் கொடுத்து, "சுருக்கமாச் சொல்லும்மா, கரகம் காத்துக்கிட்டு நிக்குது" என்றார். சுமித்ராவுக்குச் சுருக்கம் தெரியாது. செத்த போனிலிருந்து தொடங்கி, மாமியார் மருமகளைப் பேர் சொல்லிக் கடந்து, பன்னிரண்டு காதுகளின் கணக்கை எப்படி ஒப்பிடுவது என்பது வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். கரகம் எடுத்தவர் கரகத்தை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்.

அந்த நேரலையைப் பார்த்துவிட்டுத்தான் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்தது. தோட்டங்களுக்கு அபாய எச்சரிக்கைக் கருவி விற்கிற கம்பனியாம். அனுப்பிய பையனின் பேர் திலின. தமிழ் கொஞ்சம் பேசுவான். முப்பத்தைந்து வயதான சுமித்ராவை, இருபத்தைந்து வயதான அவன், "நங்கி, நங்கி" என்று தங்கை முறை சொல்லிக் கூப்பிட்டான். காம்பரா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து சாயத் தேத்தண்ணி குடித்தான், எல்லாவற்றையும் படமெடுத்தான், இன்னொருமுறையும் வந்தான். அப்புறம் ஆளைக் காணோம். மாதங்கள் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி. கூரைச் சத்தத்தால் மழையை அளக்கும் மென்பொருளுக்குக் கம்பனி பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்திருக்கிறது. கிடைத்த பிறகு அதே முறையை வேறு யாரும் பாவிப்பதென்றால் கம்பனியின் அனுமதி வேண்டிவரும். சுமித்ராவைக் 'கள உதவியாளர்' என்று குறிப்பிடக் கம்பனி சந்தோஷப்படுகிறது.

சுமித்ரா அதைக் கடையில் வைத்து உரக்க வாசித்தார். "கள உதவியாளரா? நம்ம கூரையில பெய்யிற மழைய நாம கேக்கிறதுக்கு அவன்கிட்ட பெர்மிசன் வாங்கணுமா நானா?"

"நீ போய் எடு புள்ள அந்தப் பேட்டன்ட்ட" என்றார் ஸம்சுதீன். "கொழும்பில எங்கட மச்சினன் ஒத்தர் இரிக்கார், அப்துல் ரஸாக். இதே வேலைதான் அவருக்கு. நான் சொன்னேன்டு சொல்லு."

சுமித்ரா பஸ் ஏறும்முன் லயத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பேட்டன்ட் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டச் சுவரில் இடமும் பார்த்துவைத்தார்.

அப்துல் ரஸாக் கண்டுபிடிப்பாளர்களுக்காகப் பேட்டன்ட் என்கிற ஆக்கவுரிமைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் சட்டத்தரணி. பொறுமையான மனிதர். எரிபொருளில்லாமல் என்றைக்கும் ஓடும் நித்திய இயந்திரம் கண்டுபிடித்தவர்கள் மாதத்துக்கு ஒருவராவது வந்து அவரைப் பொறுமைக்குப் பழக்கிவைத்திருந்தார்கள். சுமித்ராவின் கதையைக் கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"வெறும் மென்பொருளெண்டா கஷ்டம் மகள். அது எழுத்து மாதிரி, பதிப்புரிமைதான் கிடைக்கும். ஆனா இது மழைய அளக்கிற ஒரு முறை. கூரை, போன், ஒப்பிடுற விதம் எல்லாத்தயும் சேர்த்து எழுதலாம். நல்ல சாமான். இத இன்னும் யாருக்கும் சொல்லல்லதானே?"

"எல்லாருக்கும் சொல்லிட்டேங்க."

"எல்லாருக்கும் எண்டா?"

"மொதல்ல அம்மனுக்கு. அப்புறம் திருவிழாவுக்கு வந்தவங்களுக்கு. பேஸ்புக்குல போனதால டுபாய்ல இருக்கிறவங்களுக்கும்."

அப்துல் ரஸாக் பேனையை மூடிவைத்தார். "எப்ப?"

"போன சித்திரைக்கு முந்தின சித்திரையில."

அவர் விளக்கினார். ஆக்கவுரிமை கேட்கும் விஷயம் உலகத்துக்குப் புதிதாக இருக்க வேண்டும். தன் வாயால் தானே சொல்லிவிட்டவருக்குச் சட்டம் ஒரு வருஷம் தவணை கொடுக்கும். அது முடிந்துவிட்டது.

"எங்க ஊர்ல நல்லது நடந்தா சாமிக்குச் சொல்லணுங்க."

"மனசுக்குள்ள சொல்லியிருக்கலாமே மகள்?"

"எங்க சாமிக்கு மைக்குல சொன்னாத்தாங்க கேக்கும்."

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் சுமித்ராவுக்கு ஒரே யோசனை. அவித்த கடலை விற்க வந்தவரைக்கூட அவர் ஏசவில்லை. பெல்மதுளை தாண்டும்போது முடிவு பிறந்தது. தடையாக இருப்பது அந்த ஒரு வீடியோதானே? அதை அழித்துவிட்டால் சொன்னதற்கு என்ன அத்தாட்சி? தோட்டத்து ஆட்கள் ஒருவரும் தனக்கெதிராக வாய்திறக்க மாட்டார்கள், திறக்க அவர் விடவும் மாட்டார்.

நேரே ஏழுமலை வீட்டுக்குப் போனார்.

"மாமா, அந்தத் திருவிழா வீடியோவ அழிச்சிருங்க."

"அட, நீயுமா?" என்றார் ஏழுமலை. "நேத்துத்தான் அந்தக் கம்பனித் தம்பியும் போன் போட்டு அதையே சொல்லுச்சு. வீடியோ தெளிவில்லையாம், கோயிலுக்கு மரியாதையில்லையாம். அத எடுத்துட்டா அவங்களே புதுசா நல்லா எடுத்துத் தர்றாங்களாம். ரெண்டு பெரிய ஸ்பீக்கரும் தர்றாங்களாம். வெள்ளிக்கிழம பூசைக்குக் கொண்டாறாங்க. இரு, இப்பவே அழிச்சிர்றேன். எங்க என் கண்ணாடி?"

"கைய வைக்காதீங்க மாமா."

"நீதானே இப்ப அழிக்கச் சொன்ன?"

"இப்ப நான்தான் வேணாங்கிறேன். போனக் குடுங்க இங்க."

தனக்கு வேண்டாத வீடியோ அவனுக்கும் ஏன் வேண்டாம்? சுமித்ரா அங்கே நின்றபடியே அப்துல் ரஸாக்குக்குப் போன் போட்டார். மறுமுனையில் மனிதர் முதன்முறையாகச் சிரித்தார். ஊருக்குச் சொல்லிவிட்ட ஒன்று சொன்னவருக்கு மட்டும் புதிதில்லாமல் போகவில்லை, அதைக் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டுபோனவருக்கும் அது புதிதில்லை. அந்த வீடியோவைக் காட்டினால் கம்பனியின் விண்ணப்பமும் நிற்காது. அழித்தால் அவர்கள் உரிமை கேட்டது முந்தியது, சுமித்ரா கேட்கப்போவது பிந்தியது, முந்தியவர் பக்கந்தான் சட்டம். கண்டுபிடித்தவர் நான்தான் என்று காலமெல்லாம் வழக்காட வேண்டியதுதான். பொய்ச் சத்தியம் பண்ணுகிற விண்ணப்பத்தைத் தன்னால் எழுத முடியாது என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

"அப்ப வீடியோ இருந்தா எனக்குக் கிடைக்காதுங்களா?"

"கிடைக்காது மகள்."

"அவனுக்கு?"

"அவங்களுக்கும் இல்ல."

"பின்ன யாருக்குங்க?"

"யாருக்குமில்ல. யாரும் பாவிக்கலாம், யாரும் தடுக்கேலாது."

சுவரில் பார்த்துவைத்த இடம் சுமித்ராவின் கண்ணுக்குள் வந்துபோனது. லயமெல்லாம் சொல்லிவைத்திருந்ததும் வந்துபோனது. ஏழுமலை இரண்டு முறை "என்னம்மா, அழிக்கவா வேணாமா?" என்று கேட்டுவிட்டார்.

"நாலு எடத்துல பிரதி எடுத்து வைங்க" என்றார் சுமித்ரா.

வெள்ளிக்கிழமை ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வந்திறங்கின. ஏழுமலை அவற்றுக்குச் சந்தனம் வைத்து, பூமாலை போட்டு, தேங்காய் உடைத்தார். ஸ்பீக்கருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து அதுவரை பார்த்திராத திலின கைகூப்பி நின்றான். பூசை முடிந்ததும் ஏழுமலை பேஸ்புக் நேரலையைப் போட்டுவிட்டு, "நம்ம சுமித்ரா நன்றி சொல்லி ரெண்டு வார்த்த பேசும்" என்றார். இரண்டு வார்த்தை என்ற நம்பிக்கை அவருக்கு எப்படித்தான் மிஞ்சியிருந்ததோ.

சுமித்ரா மைக்கை வாங்கினார். "ஸ்பீக்கர் நல்லாருக்கா இல்லையான்னு பாக்கணும்ல. போன தடவ சொன்னது சில பேருக்குத் தெளிவாக் கேக்கலையாம். மறுபடி சொல்றேன்."

சொன்னார். செத்த போன், தகரம், பன்னிரண்டு காது, ஒப்பிடும் கணக்கு, எல்லாம். புது ஸ்பீக்கர் அதை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமம் வரைக்கும் கொண்டுபோனது. தமிழில் முடித்துவிட்டு, அவர்களும் கேட்கட்டும் என்று அத்தனையையும் சிங்களத்தில் முதலிலிருந்து தொடங்கினார். திலினவின் கைகூப்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

"நங்கி, ஏன் இப்பிடி? பழைய வீடியோக்குப் பதிலா நல்லா எடுக்கத்தானே சொன்னது?"

"எடுங்க மல்லி, நல்லா எடுங்க." சுமித்ரா மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. தம்பி என்று அர்த்தமாகும் அந்த ஒற்றைச் சிங்களச் சொல் இரண்டு ஸ்பீக்கரிலும் முழங்கியது. "வெளிச்சம் பத்தலைன்னா சொல்லுங்க, லைட்டத் திருப்பச் சொல்றேன்."

திலின கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். "இப்ப எங்களுக்கும் இல்ல, ஒங்களுக்கும் இல்லயே நங்கி. அது லாபமா?"

"எனக்கு இல்லதான். இருந்தது எனக்கு, இல்லாமப் பண்ணினதும் நானு. ஒங்களுக்கு எப்ப இருந்துச்சு?"

இதுவும் மைக்கில்தான் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ விசிலடித்தார்கள். அப்துல் ரஸாக் இரண்டு வீடியோக்களையும் இணைத்துக் கம்பனிக்கு மரியாதையான ஒரு கடிதம் எழுதினார். கம்பனியிடமிருந்து அப்புறம் சத்தமே இல்லை. ஸ்பீக்கரைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. சந்தனம் வைத்த சாமானைத் திருப்பிக் கேட்கிற அளவுக்கு அவர்களுக்குத் துணிவில்லை என்பது ஏழுமலையின் கருத்து.

அதிலிருந்து சுமித்ராவுக்கு விடுமுறை நாளே கிடையாது. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஸம்சுதீனின் கடைக் கூடையோடு போகிறார், போன்களைக் கட்டுகிறார், சுற்றிலும் நிற்பவர்களை ஏசுகிறார், வருகிறார். மென்பொருளைக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிறார்.

ஓப்பநாயக்கப் பக்கத்து லயமொன்றில் ஒரு வில்லங்கம். வெயில் நேரத்தில் போன்கள் கத்த, சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட, திரும்பி வந்தால் சோற்றுப்பானை காலி. கூட்டமாகக் கூரையில் ஓடும் குரங்குகளை மென்பொருள் மழை என்று எடுத்திருக்கிறது. கூரையில் தாங்கள் ஓடினால் மனிதர்கள் வீட்டை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதைக் குரங்குகள் இரண்டே தடவையில் படித்துக்கொண்டன. கம்பனியை விடக் கெட்டிக்காரக் குரங்குகள். அனுமதியும் கேட்கவில்லை, ஸ்பீக்கரும் கொடுக்கவில்லை.

சுமித்ரா அந்த லயத்திலேயே உட்கார்ந்து குரங்கையும் மழையையும் பிரிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். போன்கள் இப்போது குரங்குக்குக் கத்துவதில்லை. எப்படி என்று கேட்டவர்களுக்கு, "அம்மனுக்கே இன்னும் சொல்லல, ஒனக்குச் சொல்லுவேனா?" என்பதே பதில். வாயை மூடிக்கொண்டு அவர் இவ்வளவு நாள் இருந்தது இதுவே முதல்முறை என்று வீட்டுக்காரர் சாட்சி சொல்கிறார்.

போன மாதம் மறுபடியும் கொழும்பு போனார். அப்துல் ரஸாக் அவரைக் கண்டதும், உட்காரச் சொல்வதற்கு முன், "யாருக்குச் சொன்னீங்க?" என்று கேட்டார். யாருக்குமில்லை என்று உறுதியான பிறகு, குரங்கையும் மழையையும் பிரிக்கும் முறைக்கு விண்ணப்பம் எழுதப்பட்டது. முதல் வரியிலேயே தகராறு.

"'பொதுக் கூரை'ன்னு போட்டிருக்கீங்க?"

"அப்பிடித்தான் மகள் போடணும். 'லயக் கூரை' எண்டு போட்டா உரிமை லயத்தோட நிண்டுரும். பொதுக் கூரையெண்டா மாடிவீடு, கடைத் தொகுதி எல்லாம் அடங்கும்."

"அடங்கட்டும். ஆனா லயம்னு மொதல்ல வரணும். பொதுவாம்! பன்னண்டு குடும்பம் ஒரே தகரத்துக்குக் கீழ கெடக்கிறத வேற எவனாச்சும் பொதுன்னு சொல்லுவானா?"

எழுதினார்: 'தோட்ட லயம் உள்ளிட்ட பொதுக் கூரைகளில்'. ஆனாலும் சட்டத்தரணிக்கு மனம் கேட்கவில்லை.

"ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. உரிமை இருவது வருஷத்துக்கு. லயமெல்லாத்தயும் ஒடச்சுத் தனி வீடு கட்டித் தரப்போறதா சொல்றாங்க. தனித்தனிக் கூரை வந்துட்டா இந்தப் பேட்டன்ட் ஒண்டுக்கும் உதவாதே?"

"இருவது வருஷந்தானுங்களே?" என்றார் சுமித்ரா. "அதுக்குள்ள ஒடைக்க மாட்டாங்க, கவலப்படாம எழுதுங்க."

"அல்லாஹ் நாடினா, ஒடச்சிட்டாங்கெண்டா?"

"அப்ப நானே இங்க வந்து, ஒங்க முன்னாலயே அந்தப் பத்திரத்தக் கிழிச்சுப் போடுறேன். நீங்க எழுதுங்க."